காவலர் கல்லூரிக்குச் சென்ற வரலாறு



அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தையார் வீட்டிற்கு வந்திருந்தார். அவருடைய தங்கை குடும்பம் கலிபோர்னியாவில் வாழ்கிறது. தங்கையின் மகன் அங்கேயே பிறந்தவன், வயது பதினெட்டு. பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்காமல், அருகிலுள்ள சமூகக் கல்லூரியில் குற்றவியல் நீதி படிக்கப் போகிறானாம். "படித்த குடும்பத்துப் பிள்ளை கொமுனிட்டி காலேஜுக்குப் போவதா, அதுவும் போலீஸ் வேலைக்கா என்று தங்கை அழுகிறாள், ஐயா. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

அவர் மனத்தில் இருந்தது நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற, கைத்திறன் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட சமூகக் கல்லூரி. அமெரிக்கக் கல்லூரி வேறு மரபினது. இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தோன்றிய ஈராண்டுக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை ஊரிலேயே கற்பிக்க எழுந்தது. பிற்காலத்தில்தான் தொழிற்கல்வியும் அதனுள் பெருமளவில் நுழைந்தது. இந்த இரட்டைப் பிறப்பை மறந்தால் பின்வரும் சிக்கல் விளங்காது.

காவலருக்குக் கல்லூரிக் கல்வி வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களுள் தலையாயவர் ஆகஸ்ட் வோல்மர். இவரே உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்காதவர், தபால்காரராக இருந்தவர்! 1905-இல் பெர்க்லி நகரின் காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் பல நகரங்களில் அரசியல்வாதியின் பரிந்துரையே காவலரின் தகுதி. வோல்மர் தம் காவலர்க்கு 1908-இல் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் கோடை வகுப்புகளை நடத்தினார். கல்லூரி மாணவர்களையே வேலைக்கு எடுத்தார். பிற ஊர்க் காவலர்கள் அவர்களைக் 'கல்லூரிப் போலீஸ்' என்று எள்ளினர். 1930-இல் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் காவல் பயிற்சிக்கெனத் தனிப் படிப்பு தோன்றியது. அது ஆசிரியப் பயிற்சிக்காக எழுந்த கல்லூரி என்பது நம்மவர்க்கு இனிக்கும் செய்தி.

எனினும் இப்படிப்பு நாடெங்கும் பரவியது 1960-களில்தான். நகரக் கலவரங்களும் குற்றப் பெருக்கமும் நாட்டை உலுக்கிய வேளையில், அதிபர் ஜான்சன் 1965-இல் அமைத்த ஆணையம் 1967-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. காவலர் அனைவரும் இளங்கலைப் பட்டம் பெறுவதே இறுதி இலக்கு என்றது அது. 1968-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகக் கல்விக்கடன் திட்டம் பிறந்தது. கடன் பெற்றவர் படித்து முடித்துக் காவல் பணியில் ஓராண்டு இருந்தால், கடனில் கால் பங்கு தள்ளுபடி.

பணம் வந்தது, கல்லூரிகள் விழித்துக்கொண்டன. நூற்றுக்கணக்கான சமூகக் கல்லூரிகள் விரைந்து வகுப்புகளைத் திறந்தன. ஓய்வுபெற்ற காவலர்களே பல இடங்களில் ஆசிரியர்கள். அறிக்கை எழுதுவதும் விலங்கு மாட்டுவதும் பாடங்கள். 1978-இல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய ஆய்வறிக்கை இதனைக் கடுமையாகச் சாடியது. கல்வியின் பெயரால் பயிற்சியே விற்கப்படுகிறது என்பதே அதன் சாரம். ஈராண்டுடன் முடிந்துவிடும் படிப்புகளைப் படிப்படியாகக் கைவிடுமாறும் அது பரிந்துரைத்தது. கல்லூரிகள் கேட்கவில்லை. (மாணவர் கூட்டம் நிறையும் வகுப்பை எந்தக் கல்லூரி மூடும்?)

அந்தப் பழைய வழக்கின் தழும்பு இன்றும் பட்டங்களின் பெயரில் உள்ளது. அறிவியல், கலை இணைப்பட்டங்கள் பொதுவாகப் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் செல்வதற்கானவை. 'பயன்முறை' இணைப்பட்டம் என்பது வேலைக்கே உரியது. அதை முடித்தவர் பின்னர் பல்கலைக்கழகம் சென்றால் பல பாடங்கள் கணக்கில் கொள்ளப்படாமல் போகலாம். கலிபோர்னியா 2010-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 'மாற்றத்திற்குரிய' இணைப்பட்டத்தை 60 கிரெடிட்டுடன் முடித்தவருக்குக் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றில் இடம் உறுதி. எஞ்சிய 60 கிரெடிட் முடித்தால் இளங்கலை. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்பதற்கு மட்டும் உறுதியில்லை.

இன்னொன்றையும் அந்தத் தந்தையாரிடம் கூறினேன். இப்பட்டம் பெற்றவுடன் காவலராகிவிட முடியாது. காவற்பயிற்சிக் கழகம் தனி. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான காவல் பதவிகளுக்குக் குறைந்த வயது 21. பையனுக்கு எப்படியும் மூன்றாண்டு காத்திருப்பு உண்டு. அதற்குள் அவன் மனம் மாறி வழக்கறிஞனாகவோ, நன்னடத்தை அதிகாரியாகவோ, ஏன், ஆசிரியனாகவோகூட விரும்பலாம். மாற்றத்திற்குரிய பட்டமாயின் அந்தக் கதவுகள் திறந்திருக்கும்.

அவர் அங்கேயே அமர்ந்து தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார். "அழுகையை விடு. பையன் எழுதிய பாரத்தில் 'மாற்றத்திற்குரியது' என்று இருக்கிறதா, பார்" என்றார். அம்மையாருக்குத் தெரியவில்லை, பையனுக்கும் தெரியவில்லை. கல்லூரி ஆலோசகரைப் பார்க்க அடுத்த வாரம் நாள் வாங்கியிருக்கிறார்களாம்.