வரைபடத்தில் வராத குழாய்கள்

நீர், மணல், இரசாயனங்களை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதே நீரியல் முறிப்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர் சம்மதித்தாலன்றி வீட்டிலிருந்து 500 அடிக்குள் இத்தகைய கிணறு தோண்டக்கூடாது. அனுமதி விபரங்கள் அரச பதிவுகளில் உள்ளன. ஆனால் அட்டவணையைப் பார்த்து, பிள்ளையின் பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று யார் கணக்கிடுவார்? அவற்றை 2010 முதல் வரைபடமாக்கி வருகிறது ‘பிராக்ட்ராக்கர்’.

இத்தகைய வரைபடங்களில் நான் முதலில் தேடுவது விடுபட்டதைத்தான். மத்திய அரசின் தேசியக் குழாய்வழி வரைபடத்தில் நெடுந்தூரக் குழாய்கள் உண்டு. அதிலும் பொதுமக்கள் ஒரு தடவையில் ஒரு மாவட்டத்தை மட்டுமே பார்க்கலாம். கிணறுகளிலிருந்து வாயுவைச் சேர்த்தெடுத்து, கிராமத்துக் காணிகளினூடாகச் செல்லும் குழாய்கள் அதில் இல்லை.