கணினிச் சதுரங்கத்தில் தொடக்க ஏடு
சதுரங்கக் கணினிகள் பல, ஆட்டத்தின் முதல் நகர்வுகளைத் தாமே கணிப்பதில்லை. முன்கூட்டியே பதியப்பட்ட தொடக்க ஏட்டைப் பின்பற்றுகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினிக்கான ஏட்டை ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்களே தயாரித்தனர். ஏறக்குறைய 4,000 நிலைகள். ஒவ்வொன்றையும் கணினி இரவிரவாகச் சோதித்தது. 7 இலட்சம் ஆட்டங்களிலிருந்து திரட்டிய தரவுகளும் அதனிடம் இருந்தன. ஆயினும் கைப்பட ஆக்கிய ஏட்டின் பெறுமதியே 1997 மே 11ஆம் திகதி நியூயோர்க்கில் புலப்பட்டது.

இறுதி ஆட்டத்தில் கஸ்பரோவ் காரோ-கான் தொடக்கத்தை ஆடினார். 7ஆவது நகர்வில் அவர் ஓரக் காலாளை முன்தள்ள, கணினி உடனே குதிரையைப் பலிகொடுத்தது. பொருளிழப்புக்குத் தயங்கும் அக்காலக் கணினி தன் கணிப்பில் இதைத் துணிந்திருக்குமா என்பது ஐயமே. 19 நகர்வுகளில் கஸ்பரோவ் தோல்வியை ஏற்றார். உலகம் இதனை இயந்திரத்தின் வெற்றியெனக் கொண்டாடியது. அந்நகர்வு அன்று காலையிலேதான் ஏட்டிற் சேர்க்கப்பட்டதென, தயாரிப்புக் குழுவிலிருந்த மிகுவேல் இல்லெஸ்காஸ் பின்னாளில் தெரிவித்தார்.