மிச்சிகனில் தொற்றைக் குறைத்தது பட்டியலா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய கீஸ்டோன் திட்டத்தின் வெற்றியை, ஐந்து வரிச் சரிபார்ப்புப் பட்டியலின் வெற்றியாகக் கொள்ளும் வாசிப்பு நோயாளர் பாதுகாப்பு குறித்த எழுத்துகளில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. பெருஞ்சிரை வழியே இதயத்தை ஒட்டிச் செலுத்தப்படும் ‘சென்ட்ரல் லைன்’ குழாயைப் பொருத்தும்போது கை கழுவுதல், நோயாளியின் உடல் முழுவதையும் கிருமி நீக்கிய துணியால் மூடுதல், தோலைக் குளோரெக்சிடினால் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை அகற்றுதல் ஆகிய ஐந்தையும் நினைவூட்டியதே இரத்தத் தொற்றைக் குறைத்தது என்பது அவ்வாசிப்பின் சாரம். 2006 டிசம்பரில் வெளியான மூல ஆய்வின் எண்கள் இம்முடிவுக்கு இடங்கொடுப்பதாகத் தெரியவில்லை.

அவ்வாய்வில் 103 பிரிவுகளின் தரவுகள் உள்ளன. ஒரு நோயாளியின் உடலில் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளையும் ஒரு குழாய்நாள் எனக் கொண்டு, 1000 குழாய்நாள்களுக்கு இத்தனை தொற்று என்று கணக்கிட்டதில், இடைநிலை அளவு மூன்றே மாதங்களில் 2.7இலிருந்து பூஜ்யமாயிற்று. எல்லோரும் எடுத்தாளும் எண் இதுதான். எனினும் குழாய்நாள்கள் குறைவான சிறு பிரிவொன்று ஒரு காலாண்டில் தற்செயலாகவே பூஜ்யத்தைத் தொட்டுவிடக்கூடும் என்பதால், இதன்மேல் பெரிதாக எதையும் கட்ட இயலாது. சராசரி 7.7இலிருந்து 1.4ஆகக் குறைந்ததும் அதே காரணத்தால் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கதே: 100 குழாய்நாள்களே உள்ள பிரிவில் ஒரேயொரு தொற்று நேர்ந்தாலும் விகிதம் 10 ஆகிவிடும்.

இவ்விரண்டையும்விட உறுதியான சான்று, அதிகம் பேசப்படாத மற்றோர் எண்வரிசையில் இருக்கிறது. தொடக்க நிலையை 1 எனக் கொண்டால், முதல் மூன்று மாதங்களில் தொற்று விகிதம் 0.62ஆகவும், 16 முதல் 18ஆம் மாதத்தில் 0.34ஆகவும் இருந்தது, அதாவது சரிவு முதற்காலாண்டோடு நிற்காமல் ஒன்றரை ஆண்டுவரை தொடர்ந்திருக்கிறது. பட்டியலோ முதல் நாளிலும் பதினெட்டாம் மாதத்திலும் அதே ஐந்து வரிதான். மாதந்தோறும் புதிதாக வந்துகொண்டிருந்தது வேறொன்று: மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் எண்ணிய தொற்றுக் கணக்கு அந்தந்தக் குழுவுக்கே திரும்பி வந்தது, இரு வாரங்களுக்கு ஒருமுறை தொலைபேசி வழியாகவும், ஆண்டுக்கு இருமுறை மாநில அளவில் நேரிலும் குழுக்கள் கூடின. தொடக்கத்தில் பெரும்பாலான மருத்துவமனைகளின் குழாய்ப் பொருத்தும் உபகரணத் தொகுப்பில் குளோரெக்சிடினே இல்லாதிருந்தது. அதை வாங்கி வைப்பது நிர்வாகத்தின் கையில் இருந்தது. விதி மீறப்பட்டால், அவசரநிலை அல்லாத வேளையில், மருத்துவரைச் செவிலியர் தடுத்து நிறுத்தலாம் என்பதும் மேலிடத்தின் துணையின்றி நடவாதது. இவ்விரண்டையும் எந்தப் பட்டியலும் தானாகச் சாதித்திருக்காது.

பட்டியல் வழக்கமாக ஊறிப்போக மாதங்கள் பிடித்திருக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் ஐந்து விதிகளும் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டன என்பதை அவ்வாய்வு அளக்கவில்லை. தவிர, அவ்வழக்கத்தை ஊறவைத்தது எது என்பதே இங்கு எழும் கேள்வி. ஒப்பீட்டுக் குழு இல்லை என்ற மறுப்பு உண்மையே எனினும், அது பட்டியல் வாசிப்பையும் அதே அளவு பாதிப்பதால் இவ்விரு வாசிப்புகளுக்கிடையே தீர்ப்புச் சொல்ல உதவாது.

இங்கிலாந்தில் 2009 முதல் 2011 வரை நடந்த ‘மேட்சிங் மிச்சிகன்’ திட்டத்தில், வயதுவந்தோர் பிரிவுகளின் தொற்று 3.7இலிருந்து 1.48ஆகக் குறைந்தபோதிலும், திட்டத்தில் இன்னும் சேராதிருந்த பிரிவுகளிலும் அதே சரிவு காணப்பட்டதால், அதைத் திட்டத்தின் விளைவென்று கூற இயலவில்லை. மிச்சிகனின் பலனும் இவ்வாறே காலப்போக்கில் வந்ததாக இருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிப்பது அவசரமாகும். எதைத் தொற்றாக எண்ணுவது என்பதிலேயே பிரிவுகள் வேறுபட்டு நின்றதை அங்கு நடந்த களஆய்வுகள் காட்டியுள்ளன. எண்ணும் முறையில் ஒருமை இல்லாதபோது, ஒரு பிரிவின் கணக்கு மற்றொன்றுக்குப் பாடமாவது அரிது. மருத்துவமனைகளைச் சேர்ந்து எண்ணவும் சேர்ந்து பேசவும் வைத்த அமைப்பை விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் பெயர்த்து நடும் முயற்சி தோற்றால், அத்தோல்வியைக் கீஸ்டோனுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்வது பொருந்தாது.