ஒட்டிய இடத்திலும் ஒரு தடை

பாத்திர வியாபாரத்தில் நாற்பது வருடம் கழித்தவன் நான். செம்பு அடி வைத்த எவர்சில்வர் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டு வந்து, "என்னங்க, சூடு சமமா ஏறலையே" என்பார்கள். ஒட்டு விட்டிருக்கும், நடுவே காற்று புகுந்திருக்கும். மாற்றிக் கொடுப்போம். ஒட்டு சரியாக இருந்தால் சூடு தடையில்லாமல் தாண்டிவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது தவறு என்று எனக்குப் புரிய வைத்தது ரஷ்ய விஞ்ஞானி பியோத்தர் கபிட்சாவின் வரலாறு.

கபிட்சா 1921 முதல் கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டிடம் ஆராய்ச்சி செய்தவர். 1934-ல் தாய்நாட்டுக்குப் போனவரைச் சோவியத் அரசு திரும்ப விடவில்லை. அவருடைய கருவிகளை 30,000 பவுனுக்கு வாங்கி மாஸ்கோவுக்கு வரவழைத்தது. பிறகு அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் திரவ ஹீலியம். மைனஸ் 271 டிகிரிக்கும் கீழே குளிர்ந்தால் அது வழவழப்புத் தடையே இல்லாமல் ஓடும். இதை அவர் 1938-ல் வெளியிட்டார். அவர் விட்டு வந்த கேம்பிரிட்ஜ் கூடத்திலும் ஆலன், மைஸனர் இருவரும் தனியாக அதையே கண்டிருந்தார்கள்.

இந்த ஹீலியம் சூட்டை அபாரமாகக் கடத்தும். 1941-ல் கபிட்சா அதில் ஒரு செம்பை வைத்துச் சூடேற்றிப் பார்த்தார். செம்புக்குள்ளும் சரி, திரவத்துக்குள்ளும் சரி, வெப்பநிலை பெரிதாக மாறவில்லை. இரண்டும் தொடுகிற இடத்தில் மட்டும் சட்டென்று ஒரு படி இறங்கியது. திரவம் எல்லா இடுக்கிலும் புகுந்து ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. காற்றுக்கு அங்கே வேலையே இல்லை. பின் தடை எங்கிருந்து வந்தது?

1952-ல் கலாத்னிக்கோவ் விளக்கம் சொன்னார். அந்தக் குளிரில் சூடு என்பது அணுக்களின் அதிர்வு, ஒலி மாதிரி. செம்பு ஹீலியத்தைவிட ஏறக்குறைய 60 மடங்கு அடர்த்தி. அதில் ஒலி சுமார் 20 மடங்கு வேகம். ஆகவே எல்லைக்கு வரும் அதிர்வில் பெரும்பகுதி உள்ளேயே திரும்பிவிடுகிறது. குளிர் கூடக் கூடத் தடையும் வேகமாகக் கூடும். அதனால்தான் அதிகுளிர்க் கருவிகளில் வெள்ளித் தூளை இறுக்கி, தொடும் பரப்பைப் பெருக்குகிறார்கள். இரண்டு திடப்பொருள்கள் இடுக்கின்றிச் சேர்ந்தாலும் இத்தடை உண்டு. கம்ப்யூட்டர் சிப் செய்கிறவர்களும் இதைக் கணக்கில் வைக்கிறார்கள்.

குளிரியல் பணிகளுக்காகக் கபிட்சா நோபல் பரிசு பெற்றது 1978-ல், 84-ஆவது வயதில். பல ஒட்டுக் குறைகளைக் கையால் தடவியே சொல்லிவிடுவேன் என்று கடையில் பெருமை பேசியவன் நான். குறையே இல்லாத ஒட்டிலும் தடை உண்டு என்பதை அறுபது கடந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் பிள்ளைகள் பள்ளியிலேயே தெரிந்துகொள்ளட்டும்.