நுரைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஜவ்வாது மலையில் இரண்டு உப்புநீர்த் தொட்டிகள்

கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவரைக் கடைக்காரர் முதலில் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் கழிவை நுரையாக எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் முன்னால்தான். வெளிநாட்டுப் பெயர் தாங்கிய கருவி பல பத்தாயிரம் ரூபாய். பெயரில்லாதது சில ஆயிரம். பக்கத்து அலமாரியில் சில நூறு ரூபாய்க்கு ஸ்பான்ஜ் பில்டர் தொங்கும். மூன்றுமே தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்றுதான் சொல்லப்படுகின்றன. விலை இத்தனை மடங்கு ஏறும்போது மீனுக்குக் கிடைக்கும் நன்மையும் அப்படி ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

இதைக் கடற்கரையில் வைத்துக் கேட்டால் விடை தெளிவாக வராது. அங்கே கடல்நீர் பக்கத்தில் இருக்கிறது. செய்த தவறை நாலு குடம் புதுநீர் மறைத்துவிடும். ஆகவே ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரை எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து வங்கக் கடல் நேர்க்கோட்டிலேயே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கருவியின் உதிரிபாகம் உடைந்தால் மலை இறங்கி, பெரும்பாலும் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைவரை தேட வேண்டும். மழையும் காற்றும் அடிக்கும் நாளில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கருவியின் விலைச்சீட்டில் இல்லாத செலவுகள் எல்லாம் இங்கே வெளியே வந்துவிடும்.

அங்கே ஒரு பள்ளிக்கூடம் 200 லிட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டி வைக்கிறது என்று கொள்வோம். உள்ளே ஒரு ஜோடி நீமோ எனும் கோமாளி மீன், இரண்டு மூன்று டாம்செல் மீன்கள். இதே தொட்டியை இரண்டு விதமாக நடத்தலாம்.

முதல் விதம் கருவியை நம்புவது: கீழே சம்ப் எனும் துணைத்தொட்டி, அதில் உயர்விலை ஸ்கிம்மர், தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப், வாரம் 20 லிட்டர் நீர்மாற்றம். இரண்டாவது விதம் கையை நம்புவது: ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் பில்டர், செராமிக் ரிங், நீரைச் சுழற்ற ஒரு சிறு பம்ப், வாரம் 40 லிட்டர் நீர்மாற்றம். விளக்கும் ஹீட்டரும் இரண்டுக்கும் பொது.

இரண்டும் செய்யும் வேலை

மீனின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அழுகி அம்மோனியா ஆகின்றன. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடல்நீரின் pH 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், நன்னீரை விட இங்கே அம்மோனியாவின் நஞ்சு கூடுதல். எனவே உயிர்காக்கும் முதல் வேலை இந்த நுண்ணுயிர்களுடையது. அவை குடியேற ஸ்பான்ஜின் துளையும் செராமிக் ரிங்கின் நுண்ணறையும் போதும். குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எவ்வளவு விலை கொடுத்து ஸ்கிம்மர் வாங்கினாலும் இந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கு இல்லை.

ஸ்கிம்மரின் வேலை வேறு. உப்புநீரில் குமிழிகள் மிக நுண்ணியதாக உடையும். புரதம் போன்ற கரிமப் பொருள்கள் அந்தக் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறிக் கிண்ணத்தில் விழுகின்றன. அழுகி அம்மோனியா ஆகுமுன்பே கழிவின் ஒரு பகுதி தண்ணீரை விட்டுப் போய்விடுகிறது. இது உண்மையான நன்மை. ஆனால் உண்டாகிவிட்ட அம்மோனியாவையோ நைட்ரேட்டையோ ஸ்கிம்மர் எடுக்காது. அதாவது அது நுண்ணுயிருக்கும் நீர்மாற்றத்துக்கும் துணைதான். அவற்றின் இடத்தில் நிற்க முடியாது.

விலைக்கேற்ற திறன் உண்டா?

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவர் குழுவினரும் பல ஸ்கிம்மர்களைச் சோதித்து, 2009லும் 2010லும் அட்வான்ஸ்டு அக்வாரிஸ்ட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். தண்ணீரில் அளக்கக்கூடிய மொத்தக் கரிமக் கார்பனில் ஸ்கிம்மர்கள் நீக்கியது ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம். மீதி, குமிழியில் ஒட்டாத வகை. எடுக்கும் வேகத்திலும் கருவிக்குக் கருவி பெரிய வேறுபாடு இல்லை என்றே அவர்கள் கண்டார்கள். உயர்விலைக் கருவியின் சிறப்பு சத்தம் குறைவு, மின்சாரம் குறைவு, உழைக்கும் காலம் நீளம் என்பவற்றில் இருக்கலாம். தண்ணீர் பல மடங்கு தூய்மையாகும் என்ற எதிர்பார்ப்புக்கு அந்த அளவீடுகள் இடம் தரவில்லை.

இந்த எண்ணை நம் தொட்டிக்குள் வைத்துக் கணக்குப் போடலாம். எந்தக் கருவியும் நீக்காத நிலையில் தொட்டியில் வாரம் ஒன்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று கொள்வோம். ஸ்கிம்மர் கழிவில் கால்பங்கை எடுத்து, நைட்ரேட்டும் அதே அளவு குறைகிறது என்று அதற்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். வாரம் சேர்வது 3.75 ஆகும். வாரம் 20 லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு மாற்றினால், நைட்ரேட் ஏறி ஏறி 37.5 மில்லிகிராமில் நிலைகொள்ளும். இரண்டாவது தொட்டியில் ஸ்கிம்மர் இல்லை. வாரம் முழு 5 மில்லிகிராமும் சேர்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு மாற்றப்படுவதால் 25 மில்லிகிராமைத் தாண்டாது. கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் மாற்றியதில் ஸ்கிம்மர் இல்லாத தொட்டி முந்திவிடுகிறது. தீவனத்தை அளந்து போட்டால் இரண்டிலும் இந்த எண் இன்னும் இறங்கும்.

அந்த வாளிக்கும் விலை உண்டு. லிட்டருக்கு 35 கிராம் வீதம் 20 லிட்டருக்கு 700 கிராம் சால்ட் மிக்ஸ். ஆண்டுக்குச் சுமார் 36 கிலோ கூடுதல். வாங்கும்போது ஒருமுறை கொடுப்பதா, வாரந்தோறும் கொஞ்சம் கொடுப்பதா என்று இதைப் பார்க்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, நீர்மாற்றம் நைட்ரேட்டை வெளியேற்றுவதோடு குறைந்துபோன கால்சியத்தையும் காரத்தாங்குதிறனையும் திரும்பக் கொண்டுவருகிறது. ஸ்கிம்மர் எதையும் திரும்பத் தருவதில்லை.

மலையின் காற்று, மலையின் கரண்ட்

மலையின் உயரத்துக்கு ஓர் அளவுகோலாக, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். 26 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏந்தினால், கடல்நீர் ஏந்துவது 6.6 அளவுதான். மலையில் அது 6ஐ ஒட்டி நிற்கும். எனவே இங்கே தண்ணீரைக் காற்றோடு கலக்கும் கருவி கட்டாயம். ஸ்கிம்மர் இந்த வேலையை மிக நன்றாகச் செய்யும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும், மேற்பரப்பைக் கலக்கும் சிறு பம்பும் சேர்ந்தால் இத்தனை குறைந்த மீன்களுக்கு அதே தேவை நிறைவேறும்.

கரண்ட் நின்றபின் நடப்பதில்தான் வேறுபாடு பெரிதாகிறது. முதல் தொட்டியில் ஸ்கிம்மர் 20 வாட், ரிட்டர்ன் பம்ப் 25 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 360 வாட்-மணி வேண்டும். அந்த அளவுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க வேண்டும். பம்ப் நின்றதும் மேல்தொட்டி நீர் சம்புக்கு இறங்கும். இடம் விடாமல் அமைத்திருந்தால் தரையெல்லாம் உப்புநீர். திரும்ப ஓடும்போது ஸ்கிம்மர் பொங்கிக் கிண்ணம் நிரம்பி வழிவதும் உண்டு. இரண்டாவது தொட்டியின் 5 வாட் ஏர் பம்புக்கு அதே எட்டு மணி நேரத்துக்கு 40 வாட்-மணி போதும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றே அந்த இரவைக் கடத்திவிடும். ஸ்பான்ஜில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்வரை நுண்ணுயிர்களும் பிழைத்திருக்கும்.

ஆண்டுக் கணக்கில் முதல் தொட்டியின் இரண்டு கருவிகள் சுமார் 394 யூனிட் மின்சாரம் எடுக்கும். ஏர் பம்பும் சிறு பம்பும் சேர்ந்து 10 வாட் என்றால் 88 யூனிட்.

மலை தரும் சலுகை ஒன்றும் உண்டு. சமவெளி வேலூரில் கோடை வெயில் தொட்டியைக் கொதிக்கவைக்கும்; அங்கே தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், ஸ்கிம்மரைவிடப் பெரிய செலவாகக்கூடும். மேலே பெரும்பாலும் ஒரு மின்விசிறிக் காற்று போதும். மார்கழிக் குளிருக்கு நம்பகமான ஹீட்டர்தான் வேண்டும். ஸ்கிம்மரில் மிச்சப்படுத்துகிறவர் ஹீட்டரில் மிச்சப்படுத்தக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து?

உப்பு கலக்க நல்ல நன்னீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். வாரம் 40 லிட்டர் வேண்டுமானால் 80 முதல் 120 லிட்டர் வீண். மலையில் குடிநீர் எடுத்துவர உழைக்கும் குடும்பங்களுக்கு நடுவில் இந்தக் கணக்கு என்னை உறுத்துகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை நம்பி இருப்பவருக்கு ஆர்.ஓ. தவிர்க்க முடியாததாக இருக்கலாம். மேலே மழை நன்றாகப் பெய்யும் மாதங்களில், முதல் மழையைப் போகவிட்டு, சுத்தமான கூரையிலிருந்து பிடித்த நீரே உப்பு கலக்க ஏற்றது. ஆழ்துளைக் கிணற்று நீரானால் கரைந்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து முடிவெடுக்கலாம். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்நீரை ஒருநாள் காற்றோட்டத்தில் வைத்தபின் பயன்படுத்தலாம். இந்தச் சோதனைகளுக்கு ஆகும் பணம் ஸ்கிம்மர் விலையில் மிகச் சிறு பங்கு.

இரண்டாவது விதம் அதிகத் தண்ணீர் கேட்கிறது என்பது அதன் உண்மையான குறை. மழைநீர்த் தொட்டி இல்லாத இடத்தில், கோடையில், இந்தக் குறை கனமானது. அப்படிப்பட்ட இடத்தில் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள எளிய ஸ்கிம்மர் ஒன்றைச் சேர்ப்பது நியாயம். கழிவு குறைந்தால் மாற்றும் நீரையும் குறைக்கலாம்.

உயர்விலைக் கருவி யாருக்காகப் பிறந்தது?

உலகத்தில் இந்த இரண்டு வழிகளுக்கும் வரலாறு உண்டு. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளப்பாறைக் கல், கடல்நீர், காற்றுக் குமிழி இவற்றை மட்டும் வைத்துக் கடலுயிர்களை வளர்க்கும் முறையை ட்ராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட் இதழில் எழுதினார். கல்லில் வாழும் நுண்ணுயிர்களே அவருடைய பில்டர். பிறகு பெர்லின் வளர்ப்பாளர்கள் அதே உயிர்க்கல்லோடு வலுவான ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். கல்பவளங்கள் வளர நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சேர்க்கை. இன்று கடையில் பெருமையோடு விற்கப்படும் உயர்விலைக் கருவிகள் பெரும்பாலும் இந்தப் பவளத் தொட்டிகளை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன.

நம் நாட்டில் அந்தத் தேவை எழவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள், கடல்விசிறிகள், கடல்குதிரைகள், கடல் அட்டைகள் சேர்க்கப்பட்டன. பவளப்பாறையை உடைத்துக் கொண்டுவரும் கல்லும் அந்தத் தடைக்குள் அடங்கும். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் கடல் சூடேறும்போது வெளுத்துத் துன்பப்படுகின்றன. அங்கிருந்து ஒரு துண்டை எடுத்து மலையில் காட்டுவது கல்வியும் ஆகாது, அழகும் ஆகாது.

ஆக, சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் உட்பட்டு ஜமுனாமரத்தூர் தொட்டியில் இருக்கக்கூடியவை, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையமும் கோமாளி மீன்களைச் சிறைப்பட்ட நிலையில் இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்து தொட்டித் தீவனம் தின்று பழகிய இந்த மீன்கள், பவளம் தாங்காத நைட்ரேட் அளவைத் தாங்கும். அவற்றுக்காகப் பவளத்துக்கான கருவியை வாங்குவது, இல்லாத விருந்தாளிக்கு மாடி கட்டுவது போன்றது.

உயர்விலை ஸ்கிம்மர் தகுதியான இடங்களும் உண்டு. இறைச்சி தின்று நிறையக் கழிக்கும் லயன்ஃபிஷ் போன்ற பெரிய மீன்கள், மக்கள் பார்க்கும் பெரிய காட்சியகங்கள், நெருக்கமாக மீன் வளர்க்கும் பொரிப்பகங்கள் இவற்றில் கழிவின் அளவு நீர்மாற்றத்தின் சக்தியை மீறும். அங்கே இருபது சதவீத நீக்கமும் பெரிய தொகை. இரவு பகல் ஓடும் கருவியின் நம்பகத்தன்மைக்குப் பணம் கொடுப்பதும் சரி.

என் தீர்ப்பு

ஜவ்வாது மலையின் 200 லிட்டர் தொட்டிக்கு உயர்விலை ஸ்கிம்மர் தேவையில்லை. அதற்கு ஒதுக்கிய பணத்தை நான் இந்த வரிசையில் செலவிடுவேன்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளக்கும் டெஸ்ட் கிட், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், நம்பகமான ஹீட்டர், பேட்டரி ஏர் பம்ப், மழைநீர் சேமிக்க மூடியுள்ள தொட்டி, ஓராண்டுக்கான சால்ட் மிக்ஸ். இதற்குப் பிறகும் மிஞ்சினால், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் எளிய ஸ்கிம்மர் ஒன்று.

ஒரு நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். கையை நம்பும் வழி, கை தவறாமல் இயங்கினால்தான் வெல்லும். கோடை விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும்போது நீர் மாற்ற, ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்ற, தீவனம் போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கருவியை நம்பும் வழியிலும் ஸ்கிம்மரின் கழுத்தைத் துடைக்க, அடைத்த காற்றுக்குழாயைத் திறக்க அதே ஆள் வேண்டும். பொறுப்பேற்க ஆள் இல்லாத இடத்தில் எந்த விலைக் கருவியும் மீனைக் காப்பாற்றாது. அங்கே கடல்மீன் வளர்க்காமல் இருப்பதே மீனுக்குச் செய்யும் நன்மை. ஆள் இருந்தால், மாணவர்கள் வாரந்தோறும் அளந்து எழுதும் நைட்ரேட் எண்கள் அவர்களுக்கு நல்ல அறிவியல் பாடமாகவும் அமையும்.