நெற்களத்தில் ஸக்காத்



ஸக்காத் என்பது விரும்பினால் கொடுக்கும் தருமமன்று. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று. மழைநீரில் விளைந்த நெல்லில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சிய நெல்லில் இருபதில் ஒன்று என்பது கணக்கு.

நம் நாட்டுக் கெடா மாநிலக் கம்பங்களில் முன்பு விவசாயியே தம் கையால் இதைக் கொடுத்து வந்தார். பள்ளிவாசல், சமய ஆசிரியர், ஏழை உறவினர், அறுவடைக் கூலியாள் என்று ஊருக்குள்ளேயே நெல் பங்காகும். 1955-இல் ஸக்காத் சட்டம் வந்து, வசூல் அரசின் பொறுப்பாயிற்று. எவரும் எதிர்த்துக் கூட்டம் போடவில்லை. ஆனால் பலர் விளைச்சலைக் குறைத்துச் சொன்னார்கள். சிலர் ஈரநெல்லை அளந்தார்கள். 1978 முதல் 1980 வரை மூடா வட்டாரக் கம்பமொன்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்காட் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இதைக் கள்ளத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரை விட்டுப் போன நெல், தம் ஊர் ஏழைக்குத் திரும்பி வந்ததை அவர்கள் காணவில்லை. அதே விவசாயிகள்தாம் அறுவடை முடிந்ததும், கூலிக்கு மேல் சிறிது நெல்லை ஸக்காத்தென்று கூலியாளுக்குக் கொடுத்தார்கள். பால்மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியாதா?

1970-களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கின. கூலியாளுக்கு வேலை போயிற்று. வேலையோடு அந்த நெல்லும் போயிற்று.