வைட்சேப்பல் நிலவறை

ஏழையின் வீட்டில் பிள்ளை நோயுற்றால் ஊர் இரங்கும். அவன் வளர்த்த நாய் நோயுற்றாலோ, "தனக்கே கஞ்சிக்கு வழியில்லை, இதில் நாய்க்கு மருந்தா?" என்று அதே ஊர் நகைக்கும். அந்த நகைப்பைப் பொருட்படுத்தாத ஒரு பெண்மணியை நாம் இங்கே நினைவுகூர விழைகிறோம்.

மரியா டிக்கின் 1870-ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர். மெதடிஸ்து சபைப் போதகர் ஒருவரின் எட்டு மக்களுள் மூத்தவர். 1899-இல் மணமான பின் குறைவற்ற வாழ்வு அமைந்தது. ஏழைகளைச் சந்திக்க நகரின் கிழக்குப் பகுதிக்குச் சென்றவரின் கண்ணில் மனிதரின் வறுமையோடு அவர்கள் வளர்த்த பிராணிகளின் துயரமும் பட்டது. சொறி பிடித்த நாய்களும், புண்பட்ட கால்களோடு பாரம் இழுத்த கழுதைகளும் அந்தத் தெருக்களில் நிறைந்திருந்தன. உரிமையாளர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். கால்நடை மருத்துவருக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை, அவ்வளவுதான்.

அக்காலத்து நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1911-ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் உழைப்பாளிக்கு மட்டுமே மருத்துவரை அளித்தது. அவன் மனைவி மக்களுக்கு அளிக்கவில்லை. மனிதருக்கே இந்த நிலை என்றால், பிராணிகளுக்கு யார் கவலைப்படுவார்? ஆயினும் தெருவில் காய்கறி விற்பவனுக்குக் கழுதை வெறும் விலங்கன்று. அது படுத்துவிட்டால் அடுப்பும் அணைந்துவிடும். நாயும் பூனையும் அப்படிச் சோறு போடுபவை அல்ல. எனினும் அவற்றுக்காக அழுத குழந்தையின் கண்ணீரை டிக்கின் அம்மையார் அற்பமென்று தள்ளவில்லை. அவருடைய பெருமையே அதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917, நவம்பர் 17, சனிக்கிழமை. வைட்சேப்பலில் ஒரு நிலவறையில் அவருடைய இலவச மருந்தகம் திறக்கப்பட்டது. நோயுற்ற எந்தப் பிராணியையும் கொண்டு வரலாம், கட்டணம் கிடையாது என்று வாயிலில் அறிவிப்பு வைத்தார். திரண்ட கூட்டத்துக்கு அறை போதவில்லை. விரைவிலேயே பெரிய இடம் தேட வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளுக்குள் குதிரை பூட்டிய வண்டியொன்று நடமாடும் மருந்தகமாகப் புறப்பட்டது. 1928-இல் இல்ஃபோர்டில் பிராணிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மனையும் எழுந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. அங்குப் பணியாற்றியவர்களில் பலர் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர், பழகித் தேர்ந்தவர்கள். தகுதியற்றவர் கையில் உயிரை ஒப்படைப்பதா என்று கால்நடை மருத்துவர்கள் கேட்டனர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அரைகுறை வைத்தியம் ஆளைக் கொல்லும் என்பதை நாமும் அறிவோம். ஆனால் கட்டணம் செலுத்த இயலாதவன் எங்கே போவது என்ற கேள்வியும் அருகிலேயே நின்றது. முன்னரே சிலர் இதற்கு விடை தேடியிருந்தனர். 1906-இலேயே இலண்டன் விக்டோரியா பகுதியில் ஏழைகளின் பிராணிகளுக்கு ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. தேவையோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. இறுதியில், 1948-ஆம் ஆண்டின் சட்டம் பட்டமில்லாதோர் கால்நடை மருத்துவம் செய்வதைத் தடுத்தது. ஏற்கெனவே இத்தகைய அறப்பணியில் இருந்தவர்கள் உரிமம் பெறவும் வழி வைத்தது. இரு தரப்புக்கும் ஓரளவு நியாயம் செய்த ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே 1948-இல் பிரித்தானிய மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவத் திட்டம் வந்தது. பிராணிகளுக்கு அப்படியொரு திட்டம் அன்றும் வரவில்லை, பின்னரும் வரவில்லை. இன்று அறுவைச் சிகிச்சையும் கதிர்ப்படமும் பெருகிவிட்டன. அவற்றோடு செலவும் பெருகிவிட்டது. நள்ளிரவில் வீட்டு நாய் துடிக்கும்போது அதைப் பிழைக்க வைப்பதா, வாடகையைக் கட்டுவதா என்று தவிக்கும் குடும்பங்கள் இப்போதும் உண்டு.

டிக்கின் அம்மையார் 1951-இல் மறைந்தார். போரில் துணிவு காட்டிய விலங்குகளுக்கென 1943-இல் ஏற்படுத்தப்பட்ட பதக்கத்தால்தான் அவர் பெயர் பலருக்கும் தெரியும். முதலில் அதைப் பெற்றவை மூன்று புறாக்கள். பதக்கம் செய்தித்தாளில் இடம்பிடித்தது. நிலவறையில் தொடங்கிய பணியோ, அரசு உதவித்தொகையை நம்பி வாழும் குடும்பங்களின் பிராணிகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சையளித்தபடி பிரித்தானிய நகரங்களில் நடந்து வருகிறது.